துப்பறியும் கதைக்குச் செப்புப் பட்டயம் உண்டா?

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சுஜாதாவைப் பத்தி எழுதுங்க சார், உங்க கே.ஜி.எஃப். ஆளுங்க எல்லாம் அவரை விழுந்து விழுந்து படிச்சவங்கதானே" என்றார்கள். மறுக்க முடியவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புக்காக வேறு ஊர் வந்து சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தில்லியிலிருந்து சாகித்திய அக்காதெமி விருதுப் பட்டியல் வரும். செய்தித்தாளில் தமிழ் என்ற சொல்லுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்போம். சுஜாதா பெயர் இருக்காது. "சரி, அடுத்த வருஷம்" என்று மடித்து வைத்துவிடுவோம். 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார். அந்த வழக்கமும் அத்தோடு நின்றது.

அவர் அந்த விருதை எதிர்பார்த்தாரா என்பது என் பொருளன்று. எதிர்பார்த்தவர்கள் நாங்கள், வாசகர்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதானா, நியாயமானது எனில் அதற்காக நாங்கள் என்ன செய்தோம் என்பதையே இக்கட்டுரையில் பேச விழைகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க், மைசூர் மைன் என்று சுரங்கங்களின் பெயரே பேட்டைகளின் பெயராகிப்போன ஊர் அது. வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில் நான்கு தலைமுறை வாழ்ந்தன. சங்கு ஊதினால் ஷிஃப்ட். சங்கு ஊதினால் சோறு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில், பாறை வெடித்துச் சிதறும் 'ஏர் பிளாஸ்ட்' எப்போது வரும் என்று தெரியாமல் இறங்கி, ஏறி வந்த மனிதர்கள், மேலே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் படிப்பதற்கு என்ன கேட்பார்கள்? குமுதமும் விகடனும் கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஆறாம் வகுப்பிலேயே எங்கள் லைனுக்கு வாசகன். கணேஷும் வசந்தும் கோர்ட்டில் நிற்கும் இடத்தில் 'தொடரும்' வந்தால், "இன்னாடா இது, அடுத்த வாரம் வரைக்கும் நான் உசுரோட கீறனோ இல்லியோ" என்று ஒரு பெரியப்பா சொல்வார். சொல்பவர் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர் என்பதால் அதில் பாதிதான் வேடிக்கை.

எங்கள் லைனில் ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா அல்லர்; லைனில் எல்லாரும் மாமாதான். நெஞ்சில் கல்தூசி அடைத்து, வேலையிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டவர். அவர் செய்த ஒரே காரியம் பைண்டிங். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்ப்பார். கதை முடிந்ததும் மைதாப் பசை காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, முதுகுக்குக் காடாத்துணி ஒட்டி, மேலே மையால் தலைப்பு எழுதுவார். ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போனால் விடமாட்டார். ஊரிகத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ எவரிடமாவது அந்த இதழை இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதி உள்ளே சேர்த்துவிடுவார். பிற்காலத்தில் நான் பதிப்பியல் பற்றிப் படித்தபோது, ஏட்டில் சிதைந்த இடங்களை வேறு ஏடு கொண்டு நிரப்பிய உ.வே.சா. அவர்கள் பெயர் வரும் இடமெல்லாம் எனக்கு அந்த மாமாவின் முகந்தான் வந்தது. மிகையாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

இனி சுஜாதாவுக்கு வருவோம். எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர். எங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேரும் ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் எழுதுகிறார் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை. 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடங்கி அவர் கணேஷை எழுதினார்; 'ப்ரியா'வில் வசந்த் வந்து சேர்ந்தான். அவருக்கு விருதே வரவில்லை என்று சொல்வது தவறு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவர் ஆற்றிய பங்குக்கு வாஸ்விக் விருது கிடைத்தது. அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றமைக்காக 1993இல் நடுவண் அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுவின் விருது கிடைத்தது. தமிழக அரசின் கலைமாமணியும் உண்டு. ஆக, பொறியாளருக்குப் பரிசு வந்தது, விளக்கிச் சொன்னவருக்குப் பரிசு வந்தது. கதை எழுதியவருக்கு, அந்தக் கதைக்காக, வரவில்லை.

அக்காதெமியை மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால் அதன் விதியை நாம் கவனிக்க வேண்டும். சத்தியஜித் ராய் வடிவமைத்த அந்தச் செப்புப் பட்டயம் எழுத்தாளருக்கு வழங்கப்படுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் ஒரு நூலுக்கு வழங்கப்படுவது. குறிப்பிட்ட ஐந்தாண்டுக் காலத்துக்குள் முதல் பதிப்பாக வெளிவந்த ஒரு நூல். வாரப் பத்திரிகையில் ஆண்டுக்கு மூன்று தொடர் எழுதுகிறவருக்கு எது 'அந்த' நூல்? இது புதிய சிக்கல் அன்று. கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். 1956இல் அவருக்கு விருது வந்தது. எதற்கு? 'அலை ஓசை'க்கு. லைனில் பாட்டிமார்கள்கூட வந்தியத்தேவன் குதிரை எங்கே நிற்கிறது என்று சொல்வார்கள். 'அலை ஓசை'யில் யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கள் ஊரில் சொன்னவரை நான் கண்டதில்லை. மக்கள் படித்தது ஒன்று, அவை ஏற்றது மற்றொன்று.

ஆயினும் வரலாற்றுக் கதைக்குக் கதவு அடைபட்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. 1963இல் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' பரிசு பெற்றது. 2011இல் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' பெற்றது. அரண்மனையும் கோட்டையும் இருந்தால் உள்ளே போகலாம்; முதல் பக்கத்தில் பிணம் கிடந்தாலோ, இயந்திர நாய் பேசினாலோ வாசலிலேயே நிற்க வேண்டியதுதான் போலும். சாண்டில்யனுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. அது வேறு கட்டுரை.

மேலைநாட்டில் என்ன செய்தார்கள் என்பது இங்கே எண்ணத்தக்கது. அங்கும் பெரிய அவைகள் துப்பறியும் கதையை மதிக்கவில்லை. அதற்காக அவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 1946இலேயே எட்கர் ஆலன் போ பெயரில் பரிசு வைத்தது. 1953இல் அறிவியல் புனைகதைக்கு ஹியூகோ விருது வந்தது. அதில் வாக்களிப்பவர்கள் பேராசிரியர்கள் அல்லர், உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சந்தா கட்டிய வாசகர்கள். 2015இல் அந்த விருதைச் சீன எழுத்தாளர் லியூ சிஷின் ஒரு மொழிபெயர்ப்பு நாவலுக்காகப் பெற்றார். பெரிய அவைகளும் பின்னர் இறங்கி வந்தன. 2003இல் அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளை ஸ்டீபன் கிங்குக்குப் பதக்கம் வழங்கியது. ஹரால்ட் புளூம் போன்ற திறனாய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கொதிக்கட்டும், அதுவும் ஒரு கவனந்தானே. நம்மிடம் கொதிப்பும் இல்லை. "ஜனரஞ்சகம்" என்ற ஒரே சொல்லால் மூடி வைத்துவிட்டோம்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் என்ன தெரிகிறது? சுஜாதாவின் 'நகரம்' என்ற சிறுகதையைச் சிறுபத்திரிகைக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கிராமத்துத் தாய் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். சீட்டு, வரிசை, அறை எண் இவற்றுக்கிடையே அலைகிறாள். எங்கள் லைனில் இதைப் படித்துக் காட்டியபோது யாரும் 'உச்' கொட்டவில்லை. பேச்சே இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வரிசையில் நின்றவர்கள். நல்லது, 'நகரம்' இலக்கியம். ஆனால் அந்தக் கதையின் பலம் எங்கிருந்து வந்தது? ஆசிரியர் வருந்தவே மாட்டார். நடந்ததை மட்டும், நேரமும் இடமும் எண்ணும் குறித்து, சாட்சி சொல்வதுபோல் சொல்வார். பெரிய மருத்துவர் பேசும் மொழிக்கும் அந்தத் தாயின் மொழிக்கும் நடுவே உள்ள தூரத்தை அவர் விளக்க மாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இதெல்லாம் வழக்கறிஞன் கணேஷின் கதைகளில் பழகிய கை. தடயத்தை வைத்துவிட்டு விலகி நிற்கும் பழக்கம் துப்பறியும் கதையின் அடிப்படைப் பயிற்சி. பழகிய களத்தைப் பழித்துவிட்டு விளைந்த நெல்லை மட்டும் புகழ்வது என்ன திறனாய்வு?

அடுத்து 'கொலையுதிர் காலம்'. அவருடைய துப்பறியும் நாவல்களுள் ஒன்றை மட்டும் அவையில் வைக்கச் சொன்னால் நான் வைப்பது இதனைத்தான். பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியே அதன் கதை. கணேஷ் ஹோலோகிராம் போன்ற விளக்கங்களைத் தேடுகிறான். வசந்துக்கு உள்ளுக்குள் நடுக்கம். சாதாரணத் துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயம் எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டும், அதுதான் ஒப்பந்தம். இதில் ஆசிரியர் அந்த ஒப்பந்தத்தை மீறுகிறார். விளக்கம் வருகிறது, ஆனால் விளக்கத்துக்குப் பின்னும் ஏதோ மிஞ்சுகிறது. அறிவியலைப் பரப்பியதற்காக அரசு விருது பெற்ற ஒருவர், அறிவியல் விளக்கத்தை முழு வெற்றியாக எழுதாமல் விட்டதில் உள்ள நேர்மையை நாம் கவனிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கவனித்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு எந்திரமும் வேண்டும், மாரியம்மனும் வேண்டும். "கணேசு சொல்றது சரிதான், ஆனா அந்த எடத்துக்கு ராத்திரி நான் போவமாட்டேன்" என்று பைண்டிங் மாமா சொன்னதைவிடச் சிறந்த விமரிசனத்தை அந்நாவலுக்கு நான் இதுவரை படித்ததில்லை.

குறையும் உண்டு. வாரத் தொடராகப் படித்தபோது அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரும் திடுக்கிடல் இனித்தது; ஒரே மூச்சில் நூலாகப் படிக்கையில் அதுவே அலுக்கிறது. ஏழு நாள் இடைவெளிக்காகப் போட்ட கொக்கிகள் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து குத்துகின்றன. பெண்களை வருணிக்கும் இடங்களில் ஒரு விடலைத்தனம் அவரை விட்டுப் போனதேயில்லை. அன்று எங்களுக்கு அது சிரிப்பு, இன்று என் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். 'என் இனிய இயந்திரா' வேறு வகை. விகடனில் அது வந்தபோது 2021 என்பது எட்டாத காலம். அரசு அனுமதித்தால்தான் பிள்ளை, பெயரும் சுருங்கிப்போன ஒரு நாடு, ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது. நாய் வரவில்லை, மனிதனுக்கு எண் கொடுத்துக் கண்காணிக்கும் வித்தை வந்துவிட்டது. ஜீனோவை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அந்த அரசை மறந்துவிட்டார்கள். அந்நாவலின் அரசியலை யாராவது ஒரு ஆய்வு மாணவர் எடுத்துச் செய்யலாம்.

இனி 'அடுத்த வெளியீடு' என்ற விஷயம். எண்பதுகளில் மாத நாவல்கள் வந்தன. ஜி. அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' போன்றவை ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் கயிற்றில் தொங்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அடுத்த மாத நாவலின் தலைப்பு தயாராக இருக்கும். கதை எழுதப்பட்டதோ இல்லையோ, தலைப்பு வந்துவிடும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, எங்கள் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூர் போய் இரவு திரும்பும் கூலிகளானபோது, கையில் இருந்தவை இந்த நாவல்கள்தான். ஏறும்போது தொடங்கினால் இறங்கும்போது முடியும். ஒருவர் முடித்ததை மற்றவர் வாங்கிக்கொள்வார். பெண்கள் பெட்டியில் ரமணிசந்திரன்.

இந்த அறிவிப்புதான் எழுத்தாளருக்குச் சோறு போட்டது. அதுவே அவரைத் தின்றும்விட்டது என்பது என் துணிபு. ராஜேஷ்குமார் எழுதியவை 1500 நாவல்களைத் தாண்டிவிட்டன என்கிறார்கள். அவரிடம் இருக்கும் சிறப்பு கதையை முதல் வரியிலேயே ஓடவிடும் திறன். அறிவியல் செய்தி ஒன்றைக் குற்றத்தோடு முடிச்சுப்போடும் திறன். ஆனால் அடுத்த மாதத் தலைப்பு அச்சாகிவிட்ட பின், இந்த மாதக் கதையின் முடிவைத் திருப்பி எழுத யாருக்கு நேரம்? பல கதைகளில் கடைசிப் பத்துப் பக்கம் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடும். அவருடைய நாவல்களில் எது அவைக்குரியது என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தவை நூறுகூட இரா. நூறு படித்தவனே இப்படியென்றால், ஒன்றும் படிக்காத நடுவர் எதை வைத்து முடிவு செய்வார்? 1500இலிருந்து பதினைந்தைப் பிரித்தெடுத்துத் தரும் வேலை எழுத்தாளருடையது அன்று. திறனாய்வாளனுடையது. அதை நாங்கள் செய்யவில்லை.

செய்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீத்தம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ராகேஷ் கன்னா தொகுத்த தமிழ் ஜனரஞ்சகக் கதைத் தொகுதியை வெளியிட்டது. ராஜேஷ்குமாரும் சுபாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் ரமணிசந்திரனும் அதில் ஆங்கிலம் பேசினார்கள். பெங்களூரில் ஆங்கிலம் மட்டுமே படிக்கும் ஒரு நண்பர் அதைப் படித்துவிட்டு, "இவங்களுக்கெல்லாம் உங்க மொழில என்ன அவார்டு கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

தங்கவயல்காரன் வெட்கப்படக் கூடுதல் காரணம் உண்டு. இதழில் வருவதை நூலாக்கிக் காக்கும் வேலையை எங்கள் ஊர் அறியாததா? அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்த பின், 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. படித்த உலகம் அவரை மறந்திருந்த காலத்திலும், சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் அந்தச் சிறு நூல்கள் இருந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெருந்தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்து பண்டிதர் மீண்டும் பேசப்பட்டதற்குப் பின்னால் இப்படிப் பாதுகாத்தவர்கள் இருந்தார்கள். பண்டிதரையும் கணேஷ் வசந்தையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொருள் வேறு, தாளைக் காக்கும் வேலை ஒன்றுதான்.

சுஜாதாவின் நூல்கள் இன்றும் மறுபதிப்பாகி வருகின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சியில் புது அட்டையோடு நிற்கின்றன. அவற்றில் ஜெயராஜின் படங்கள் இல்லை. எந்த இதழில் எந்த வாரம் வந்தது என்ற குறிப்பு இல்லாத பதிப்புகளே என் கைக்குக் கிடைத்தன. 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடங்கி, எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, 'ரத்தம் ஒரே நிறம்' என்று மாறி வந்த கதையில், நின்ற இடம் எது, மாறிய வரி எது என்று ஒப்பிட்டுக் காட்டும் பதிப்பு ஒன்று வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

சுரங்கம் மூடிய இரண்டாம் வருடம் பைண்டிங் மாமா காலமானார். மாமி பிள்ளையோடு ஒசூருக்குப் போகும்போது தொகுதிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்து ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு நான் போவதற்குள் பெரும்பகுதி பொட்டலமாகியிருந்தது. நான்கு தொகுதிகள் கிடைத்தன. ஒன்று 'கொலையுதிர் காலம்'. பசையில் துத்தத்தின் பச்சை இன்னும் தெரிகிறது, பூச்சி தொடவில்லை. நடுவே ஓர் அத்தியாயம் கோடு போட்ட தாளில், நீல மையில், மாமாவின் கையெழுத்தில் இருக்கிறது. அச்சு நூலோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். இரண்டு இடத்தில் வேறுபாடு. ஒன்று எழுத்துப்பிழை. மற்றது, வசந்த் பயப்படும் இடத்தில், அச்சில் இல்லாத ஒரு வாக்கியம். வார இதழில் இருந்து நூலில் விடுபட்டதா, மாமாவே சேர்த்ததா என்பது அந்த இதழ் கையில் கிடைத்தால்தான் தெரியும். இம்மலரைப் படிப்பவர்களில் எவரிடமேனும் அந்தக் குமுதம் இருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.